திராட்சைக்குள் போன புகை

வைட்ஃபீல்ட்
9 செப்டம்பர் 2024

ஜோசி,

கேட்காமல் கொள்ளாமல் என் விஸ்கியை எடுத்துப் பழ ஜாடியில் ஊற்றிவிட்டாய். நலம் விசாரிப்பு கடைசியில். முதலில் குற்றம்.

நேற்று மாதா பிறந்தநாள் பூசை முடிந்து உன் வீட்டுக்கு வந்த லாயிடிடம், ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது உன் அலமாரி மேல் தட்டில் நான் வைத்துவிட்டு வந்த புட்டியை எடுத்து வரச் சொல்லியிருந்தேன். அவன் கொண்டு வந்தது வெறும் கண்ணாடி. லேபிளில் நான் பென்சிலால் போட்ட கோடு அப்படியே இருக்கிறது: ஜூலை ஏழு, முக்கால் புட்டி. "அத்தை கேக் பழத்துல ஊத்திட்டாங்களாம் டாடி" என்று சொல்லும்போதே சிரித்தான். ஊன்றுகோலைத் தூக்கினேன்.

முழங்கால் மாற்றிய பிறகு இரண்டு மாதம் மாத்திரை, ஒரு சொட்டு கூடாது என்றார் டாக்டர். இந்தப் பதினோராவது மாடியில் உட்கார்ந்து இரண்டு மாதமும் அந்த ஒரு மூடி விஸ்கியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று என் முதல் நாள். கிளாஸைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன்.

போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன், யார் என்ன சொன்னது என்பதற்குச் சாட்சி இருக்காது. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் வாயால் சொன்ன புகாரை நான் வாங்கியதே இல்லை. எழுதித் தபாலில் போடு. லாயிட் கையில் கொடுத்தால் படித்துவிடுவான்.

சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

உன் அண்ணன்,
ஓஸ்வால்ட்


விவேக் நகர்
14 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

குழந்தை இயேசுவின் தயவால் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? மருமகள் லீனாவின் சமையல் ஒத்துக்கொள்கிறதா?

ஊற்றியது நான்தான். அது கெட்டுப்போன வாசனை அடித்தது. கார்க் பாதி வெளியே வந்திருந்தது, அலமாரி முழுக்க டிஞ்சர் அயோடின் மாதிரி. சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை, உங்கள் சாமான். மேசை மேல் கிறிஸ்துமஸுக்கு நறுக்கிய பழம் ஆறு கிலோ ரம்முக்காகக் காத்திருந்தது. அதில் ஊற்றினேன். மேலே வழக்கம்போல ரம்மும் ஊற்றினேன்.

இப்போது ஜாடியும் அதே வாசனை. முப்பது கேக் ஆர்டர் எடுத்திருக்கிறேன். பழத்தைக் கொட்டிவிட்டு வேறு நறுக்கப் போகிறேன். உங்களுக்கும் வேறு புட்டி வாங்கித் தரச் சொல்லி லாயிடிடம் கேட்கிறேன். கோபம் வேண்டாம்.

தங்கை,
ஜோசஃபின்


வைட்ஃபீல்ட்
18 செப்டம்பர் 2024

ஜோசி,

ஜாடியைத் தொடாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை அந்தப் பக்கமே போகாதே.

கெட்டுப்போனது என்று எழுதியிருக்கிறாய். அந்த விஸ்கி பிறந்ததே அப்படித்தான். அது ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவிலிருந்து வருவது, அங்கே விறகு கிடையாது. ஆயிரக்கணக்கான வருடம் சதுப்பில் மட்கிக் கிடக்கும் புல்லையும் பாசியையும் செங்கல் மாதிரி வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் வாட்டுவார்கள். கடல் காற்று, பாசி, கரி, மருந்து எல்லாம் தானியத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ச்சி, மரப் பீப்பாயில் பத்து வருடம் அடைத்து வைத்தாலும் போகாது. எந்த ஸ்கூலிலும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை. லைப்ரரி புத்தகத்தை ஒரு கையிலும் அகராதியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு படித்தேன்.

அதன் மேல் ரம்மா? ஒரே சாராயச் சாலையில், பார்லியில் மட்டும் காய்ச்சியதற்குத்தான் சிங்கிள் மால்ட் என்று பேர். நீ கரும்புச் சாராயத்தை ஊற்றியிருக்கிறாய். இது இரண்டாவது குற்றம்.

ஆனால் நேற்று முழுக்க ஒரு யோசனை. பத்து வருடம் பீப்பாயில் போகாத புகை உன் பீங்கான் ஜாடியிலா போய்விடப் போகிறது? திராட்சை அதைக் குடித்திருக்கும். என் விஸ்கி எங்கேயும் போகவில்லை, வீடு மாறியிருக்கிறது. ஒரு எவர்சில்வர் டப்பாவில் வகைக்குப் பத்துப் பத்தாக எடுத்து லாயிட் கோவிலுக்கு நொவீனா ஜெபத்துக்கு வரும் வியாழக்கிழமை கொடுத்தனுப்பு. கிஸ்மிஸ், கறுப்பு திராட்சை, ஆரஞ்சுத் தோல், பேரீச்சை, இஞ்சி முரப்பா. ஒன்றோடொன்று கலக்காதே.

கால் பரவாயில்லை.

ஓஸ்வால்ட்


விவேக் நகர்
26 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

டப்பாவை லாயிட் கையில் கொடுத்துவிட்டேன். ஐந்து வகை, ஐந்து வாழை இலைத் துண்டில் தனித்தனியாக. மகாராஜாவுக்கு நைவேத்தியம் போகிற மாதிரி இருக்கிறது என்று அவனே சொன்னான். பழத்தை முகர்ந்து பார்த்து ரிப்போர்ட் எழுதப் போகிற ஒரே மனுஷர் இந்த ஊரில் நீங்களாகத்தான் இருக்கும்.

உங்கள் திருப்திக்காக அக்டோபர் முடியும் வரை கொட்டாமல் வைக்கிறேன். அதற்கு மேல் போனால் புதுப் பழம் ஊறுவதற்கு நாள் இருக்காது.

அலமாரியைத் திறந்தே போட்டிருக்கிறேன். ஃபேனும் ஓடுகிறது. வாசனை இன்னும் போகவில்லை.

ஜோசஃபின்


வைட்ஃபீல்ட்
29 செப்டம்பர் 2024

ஜோசி,

உட்கார்ந்து படி.

இன்று காலை பூசைக்குப் பிறகு லாயிடையும் லீனாவையும் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தேன். முதலில் கறுப்பு திராட்சை. கடித்ததும் இனிப்பு. பிறகு ரம், நீ ஊற்றின அந்த ரம், வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். நான்கில் மூக்கின் பின்பக்கத்திலிருந்து புகை ஏறியது. கபாப் கடைக்காரன் கரி மேல் எலுமிச்சையைப் பிழிந்தால் எழும்புமே, அது. விழுங்கிய பிறகும் ஏழு நிமிஷம் இருந்தது. கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன்.

கிஸ்மிஸில் அவ்வளவு இல்லை, தோல் மெல்லிசு, சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடுகிறது. பேரீச்சையில் தார் பூசின கயிறு. ஆரஞ்சுத் தோலைக் கடித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், ஊன்றுகோல் இல்லாமல். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி எழுந்தது முதல் தடவை. லீனா பயந்துபோய் ஓடி வந்தாள். கிளாஸில் வைத்து முகரும்போது புகைக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆரஞ்சு ஒளிந்திருக்கும், பிடிக்க முடியாது. இங்கே அது வெளியே வந்து நிற்கிறது. இஞ்சி முரப்பாவைப் பற்றி எழுத ஒரு தனிக் கடிதம் வேண்டும்.

லாயிட், "இஸ்திரி வண்டியைக் கடிச்ச மாதிரி இருக்கு டாடி" என்றான். சரியாகச் சொன்னான், ஆனால் குறையாகச் சொன்னான். லீனா, "மாமா, தெருவுல குப்பை எரிக்கிறாங்களே, அதுதான்" என்றாள். போகட்டும், அவளாவது மென்று பார்த்தாள்.

ஜாடியை வாரத்துக்கு ஒரு தடவை மரக்கரண்டியால் கிளறு. கேக்குக்குப் போடும் பட்டை, கிராம்பைப் பாதியாகக் குறை, அதுவும் புகையும் சண்டை போடும். ஒரு கேக் சுட்டுப் பார்.

அண்ணன்


விவேக் நகர்
11 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணா,

சுகம். நீங்கள் ஊன்றுகோல் இல்லாமல் எழுந்ததற்காகக் குழந்தை இயேசுவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

சொன்னபடி ஒரு கேக் சுட்டேன். கோவில் பாட்டுக் குழுவில் பாடுகிறாளே கேரல், அவளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். வருஷா வருஷம் பத்து கேக் வாங்குகிறவள். ஒரு வாய் மென்றாள், நிறுத்தினாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க, ஆஸ்பத்திரி வார்டுல நின்னு கேக் சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றாள். இந்த வருஷம் வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டாள்.

நான் சாப்பிட்டுப் பார்க்கவில்லை.

நான் இப்போது ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறேன். முதுகுக்கு அதுதான் நல்லது.

மாதக் கடைசியில் கொட்டிவிடுகிறேன் அண்ணா. உங்கள் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஜோசஃபின்


வைட்ஃபீல்ட்
16 அக்டோபர் 2024

ஜோசி,

கேரலுக்குப் பாட்டுத் தெரியும். புகை தெரியாது.

ஆனாலும் அவள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். கண்டுபிடித்துவிட்டேன். சர்க்கரை. கேக்குக்கு நீ எரித்து ஊற்றுகிறாயே, அந்தச் சர்க்கரைப் பாகு. தேன் நிறம் வந்ததும் பயந்து இறக்கிவிடுவாய், எனக்குத் தெரியும். இறக்காதே. காப்பி டிகாஷன் நிறம் வரட்டும். ஓரத்தில் புகை கிளம்பட்டும், பிறகு இன்னும் பத்து எண்ணி அப்புறம் வெந்நீரை ஊற்று. கேக்கில் எரிந்த சர்க்கரையின் கசப்பு முன்னால் நின்றால், திராட்சையின் புகை அதன் தம்பி மாதிரிப் பின்னால் வந்துவிடும். ஆஸ்பத்திரி என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நீ என்னைப் பைத்தியம் என்று நினைக்கலாம். அதனால் குடித்த விஸ்கியைப் பற்றியெல்லாம் எழுதி வைக்கும் என் ருசி நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து இதோடு வைக்கிறேன். கிழித்தது இதுவே முதல் தடவை. ஈஸ்டர் அன்று அந்தப் புட்டியைத் திறந்தபோது எழுதியது:

"குறுகிய வாய்க் கிளாஸ். இங்க் ஃபில்லரால் மூன்று சொட்டு தண்ணீர். மேலே தட்டு வைத்து மூடி ஐந்து நிமிஷம். திறந்ததும் டிஞ்சர். பஞ்சு. புதுக் கட்டுத் துணி. மருந்துக் கடைக் கதவைத் திறந்த மாதிரி. அருமை. அருமை."

கொட்டாதே.

ஓஸ்வால்ட்


விவேக் நகர்
3 நவம்பர் 2024

அண்ணா,

நேற்று கல்லறைத் திருநாள். ஹோசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

உங்கள் நோட்டுப் பக்கம் வந்தது. படித்தேன்.

விஸ்கி கெட்டுவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பொய் எழுதினேன். அன்று காலை ஆறு மணிக்குச் சேலை எடுக்க அலமாரியைத் திறந்தேன். அந்த வாசனை வந்தது. கட்டு மாற்ற நேரமாகிவிட்டது என்று போய் அடுப்பில் வெந்நீர் வைத்தேன். பஞ்சைத் தேடி டிராயரைத் திறந்தேன், இல்லை. நேற்றுத்தானே வாங்கினோம் என்று திட்டிக்கொண்டே தேடினேன். தேடித் தேடித்தான் டிரேவர் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது என்று நினைவு வந்தது. வெந்நீர் கொதித்துக்கொண்டே இருந்தது.

அதற்கு மேல் அந்தப் புட்டியை அவர் சட்டைகளுக்குப் பக்கத்தில் என்னால் வைத்திருக்க முடியவில்லை.

சர்க்கரைப் புண்ணுக்கு நாலு மாதம் தினமும் நான்தான் கட்டு மாற்றினேன். நீங்கள் மூன்று தடவை வந்தீர்கள். மூன்று தடவையும் கேட்டில் நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை எப்படி இருக்கார்" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். அவருக்கு உங்கள் குரல் கேட்டது. "ஓஸ்வால்டை உள்ள வரச் சொல்லு ஜோசி" என்றார். மூன்று தடவையும் சொன்னார்.

அந்த வாசனையைத்தான் கிளாஸில் ஊற்றி, மூடி வைத்துத் திறந்து, அருமை என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்காக மாதக் கடைசியைத் தாண்டியும் வைத்திருந்தேன். பதினைந்தாம் தேதி காலை ஜாடியைக் கொட்டுவேன். உங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும்.

ஜோசஃபின்


வைட்ஃபீல்ட்
12 நவம்பர் 2024
ஸ்பீட் போஸ்ட்

ஜோசி,

உன் கடிதம் ஆறாம் தேதியே வந்துவிட்டது. ஆறு நாள் மேசை மேல் இருந்தது.

கேட்டில் நின்றது உண்மை. கைக்குட்டை உண்மை. மூன்று தடவை என்பது மட்டும் தப்பு. நான்கு. நான்காவது தடவை நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். மணி அடிக்காமல் திரும்பிவிட்டேன்.

பார்சல் ஆபீஸில் மீன் கூடை வரும். நாற்றம் தெரியாமலிருக்க மேலே ஃபினைல் தெளித்து அனுப்புவார்கள். ஃபினைலுக்குக் கீழே இருக்கிற மீன் எத்தனை நாள் பழசு என்று கூடையைத் திறக்காமல் சொல்வேன். அப்போதைய ஸ்டேஷன் மாஸ்டர் சின்னப்பா என் மூக்கை நம்பித்தான் கையெழுத்துப் போடுவார். அந்த மூக்கோடுதான் முதல் நாள் உன் கேட்டுக்கு வந்தேன். அயோடின் வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று வந்தது. புண் ஆறிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. ஆறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே வந்தால் டிரேவர் என் முகத்தைப் பார்ப்பான். நாற்பது வருஷம் என்னோடு சீட்டாடினவன், என் கையில் என்ன சீட்டு என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவன். நீயும் பார்ப்பாய். அதனால் கைக்குட்டை. மூக்கை மூட இல்லை, ஜோசி. முகத்தை மூட.

ஈஸ்டர் அன்று அந்தப் புட்டியைத் திறந்ததும் முதலில் எழுந்தது அதே அயோடின்தான். கிளாஸைக் கீழே வைக்கப் போனேன். பிறகு பழைய வழக்கம், கீழே என்ன இருக்கிறது என்று தேடினேன். உப்பு இருந்தது. கரி இருந்தது. எலுமிச்சைத் தோல். அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில், வறுத்த பார்லியின் இனிப்பு. மறுபடி மறுபடி தேடினேன். கெட்டது ஒன்றும் இல்லை. அடியில் கெட்டது எதுவும் இல்லாத அயோடின். அரை மணி நேரம் கிளாஸைக் கையிலிருந்து இறக்கவில்லை. அதைத்தான் அருமை என்று எழுதினேன். இரண்டு தடவை எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.

இதற்காக உன் குற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. கேட்காமல் ஊற்றியது ஊற்றியதுதான்.

ஆனால் பதினைந்தாம் தேதி கொட்டுவதற்கு முன் ஒரே ஒரு கறுப்பு திராட்சையை வாயில் போடு. மெல்லு. வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடு. அயோடின் வரும். அங்கேயே நின்றுவிடாதே, கீழே போ. என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு உன் இஷ்டம்.

அண்ணன்


விவேக் நகர்
30 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

நலம். குளிர் அதிகம், காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள்.

பதினைந்தாம் தேதி காலை ஜாடியைக் கழுவு தொட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு திராட்சை எடுத்தேன். நீங்கள் சொன்னபடி மூச்சை விட்டேன். அயோடின் வந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணினேன். ஏழு எண்ணும்போது இனிப்பு வந்தது. இரண்டாவது எடுத்தேன். அதில் நான்கிலேயே வந்தது. மூன்றாவது திராட்சையில் எண்ண மறந்துவிட்டேன்.

உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதை நினைத்து இரண்டு வாரம் கோபமாக இருந்தேன். சொல்லியிருந்தால் அந்த நாலு மாதம் நான் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்தேன். அதே வெந்நீர், அதே பஞ்சுதான். நம்பிக்கையோடு மாற்றின கட்டுகள் அவை. அந்தக் கோபம் முழுதும் போய்விட்டது என்று எழுத மாட்டேன்.

சர்க்கரையைப் புகை வரும் வரை எரித்தேன். வீடெல்லாம் கறுப்பு. பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்து கேஸை அணைக்கச் சொன்னார்கள். கேக்கைச் சுட்டுக் கேரலைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று கேட்டாள். "சர்க்கரையை எப்படி ஆன்ட்டி இவ்ளோ கறுப்பா எரிச்சீங்க, கைய எடுக்க முடியல" என்றாள். பத்து ஆர்டரைப் பதினான்கு ஆக்கிவிட்டுப் போனாள். நான் சிரித்ததைப் பார்த்து எதற்கு என்று கேட்டாள், சொல்லவில்லை.

பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். கட்டிலில்தான் படுக்கிறேன். அலமாரிக் கதவை மூடவில்லை. வாசனை முக்கால்வாசி போய்விட்டது. சீக்கிரம் போய்விடுமோ என்று இப்போது தோன்றுகிறது.

கிறிஸ்துமஸுக்கு வருவீர்களா?

ஜோசி


வைட்ஃபீல்ட்
5 டிசம்பர் 2024

ஜோசி,

பதினான்கா? கேரலுக்குப் புகையும் தெரியும் போலிருக்கிறது. உன் கடிதத்தை லீனாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன், சர்க்கரை எரித்த இடத்தை இரண்டு தடவை. நேற்றிலிருந்து கூடத்தில் ஊன்றுகோல் இல்லாமல் சுவரிலிருந்து சுவருக்கு நடக்கிறேன். நாற்பது நடை. டாக்டர் சொன்னது இருபது.

இனி ஆக வேண்டியது. யார் செய்வது என்பதோடு எழுதுகிறேன், பிறகு எனக்குத் தெரியாது என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது.

இருபத்தோராம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் காரை எடுக்க வேண்டியது லாயிட். டிராஃபிக் என்று சாக்குச் சொல்லாமல்.

முதல் ஈடு கேக்கில் ஒன்றை யாருக்கும் விற்காமல் எடுத்து வைக்க வேண்டியது நீ. மீதி முப்பத்து நான்கையும் டப்பாவில் அடுக்கி நூல் கட்ட வேண்டியது லீனா. நாள் முழுக்க லேப்டாப் தட்டுகிற விரல், கட்டட்டும். விஸ்கி விஷயத்தைக் கேரலிடம் சொல்லாமல் இருக்க வேண்டியது எல்லோரும்.

அடுத்த வருஷப் பழத்தை ஆகஸ்ட் பதினைந்துக்குள் நறுக்க வேண்டியது நீ. அதற்கான புட்டியை அந்தத் தீவிலிருந்து தருவிக்க வேண்டியது லாயிட். இரண்டு புட்டி. ஒன்று ஜாடிக்கு, ஒன்று எனக்கு. ஜாடியில் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது நான். ரம் கிடையாது.

கார்க்கை அழுத்தி மூட வேண்டியதும் நான். ஜூலையில் ஆபரேஷனுக்குக் கிளம்பும் அவசரத்தில் உன் அறையில் நின்று ஒரு தடவை முகர்ந்துவிட்டுச் சரியாக மூடாமல் போனது நான்தான். இதுவரை இதை நீ கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

டிரேவரின் சட்டைகளை என்ன செய்வதென்று தீர்மானிக்க வேண்டியது நீ மட்டும். யாரும் அவசரப்படுத்தக் கூடாது, நான் உட்பட.

எடுத்து வைத்த கேக்கிலிருந்து முதல் துண்டை வெட்ட வேண்டியது நீ. அதை ஹோசூர் ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது நான். லாயிட் காரிலேயே இருப்பான். கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் திறந்து டிரேவர் இருக்கும் இடம் வரைக்கும் நடந்து உள்ளே போக வேண்டியது நான்.

கைக்குட்டை கொண்டு வர மாட்டேன்.

அண்ணன்,
ஓஸ்வால்ட்